அலங்கார விளக்கும் அணைந்துபோகும் கணினியும்

கணினியைப் பற்றிய பேச்சு என்றதும், "அது படிக்கிற பிள்ளைகள் சமாச்சாரம்" என்று அடுப்படிப் பக்கம் எழுந்துபோகப் பார்க்கும் தாய்மார்களைத்தான் நான் முதலில் உட்காரச் சொல்கிறேன். கணினிக்குப் பணம் கொடுத்தவர்கள் பெரும்பாலும் நீங்கள்தான். அது கெட்டுவிட்டது என்று கடைக்காரர் சொன்னால் மறுபடியும் பணம் கொடுக்கப் போகிறவர்களும் நீங்கள்தான்.

2024ஆம் ஆண்டு நவம்பர் மாதம், அடைமழை நேரம். எங்கள் தோட்டத்துச் செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்கும் அம்மாள் ஒருவர் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். அவருடைய மகன் என்னிடம் ஆறாம் வகுப்புவரை படித்தவன். அப்போது பட்டணத்தில் டிப்ளோமா படித்துக்கொண்டிருந்தான்.

"வாத்தியாரய்யா, தம்பியோட கம்ப்யூட்டர் தினமும் ராத்திரி செத்துச் செத்துப் போகுது. ரெண்டு நாளா எழுதி வச்ச பாடமெல்லாம் போயிருச்சு. கடையில மதர்போர்ட் போச்சு, எண்ணூறு வெள்ளி ஆகும்னு சொல்றாங்க. நீங்க ஒரு தடவை வந்து பாருங்கய்யா" என்றார்.

எண்ணூறு வெள்ளி என்றால் அவருடைய பாதி மாதச் சம்பளத்துக்கும் மேல். நான் பொறியாளன் அல்லன். பள்ளியின் கணினி அறைக்குப் பொறுப்பாசிரியர் என்ற பெயரில் பல வருடமாகத் திருப்புளியும் கையுமாகத் திரிகிறவன், அவ்வளவுதான். அன்று மாலை அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

கணினிப் பெட்டியைப் பார்த்ததும் கோயில் திருவிழா நினைவு வந்தது. பக்கவாட்டில் கண்ணாடிக் கதவு. உள்ளே சுழலும் விசிறிகளில் வண்ண விளக்கு, ராம் என்னும் நினைவக அட்டைகளின் தலையில் விளக்கு. இவை போதாதென்று பெட்டியின் உட்புற விளிம்பைச் சுற்றி ஒட்டிய விளக்குப் பட்டை ஒன்று. எல்லாம் சிவப்பாகி, பச்சையாகி, நீலமாகி ஓடிக்கொண்டிருந்தன.

நான் கேட்ட முதல் கேள்வி, "எப்போதிலிருந்து இப்படி அணைகிறது, தம்பி?" என்பது. "தீபாவளி முடிஞ்சதிலிருந்து சார்" என்றான். "தீபாவளிக்கு முன்னே புதிதாக எதையாவது மாட்டினாயா?" அவன் விளக்குப் பட்டையைப் பார்த்தான். பதில் சொல்லவில்லை.

கணினி திடீரென்று நின்றுபோவதை எல்லாரும் ஒரே நோய் என்று நினைக்கிறார்கள். அது எப்படி நிற்கிறது என்பதைக் கவனித்தாலே பாதி வேலை முடிந்துவிடும். எழுத்துகளுடன் நீலத் திரை தோன்றி, பிறகு தானாக மறுபடி தொடங்கினால், பெரும்பாலும் உள்ளே ஓடும் ஏதோ ஒரு நிரல் அல்லது நினைவகம் தகராறு செய்கிறது. 2025ஆம் ஆண்டுப் புதுப்பிப்புக்குப் பிறகு விண்டோஸ் 11இல் அந்த நீலத் திரை கறுப்புத் திரையாகிவிட்டது. குழம்ப வேண்டாம், இரண்டும் ஒன்றே. படம் அப்படியே உறைந்து நின்றால் காரணம் இரண்டு பக்கமும் இருக்கலாம். ஆனால், வீட்டு விளக்கை அணைத்தது போல ஒரே நொடியில் விசிறி, விளக்கு, திரை எல்லாம் இருண்டு போனால் அது பெரும்பாலும் மின்சாரம் சம்பந்தப்பட்டது.

தம்பியின் கணினி மூன்றாம் வகை. அவன் இன்னொன்றும் சொன்னான். அணைந்த பிறகு பெட்டியின் பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் உயிர் வராதாம். சுவர் சுவிட்சை அணைத்து, கொஞ்ச நேரம் பொறுத்துப் போட்டால் வருமாம். இதைக் கேட்டதும் எனக்குத் தெம்பு வந்தது. பவர் சப்ளை என்னும் மின்வழங்கிப் பெட்டிக்குள் ஒரு காவல்காரன் இருக்கிறான். எங்கேனும் இரண்டு கம்பிகள் உரசி மின்சாரம் குறுக்கே பாய்ந்தால், அவன் கதவை அடைத்துவிடுவான். பல பெட்டிகளில் சுவர் மின்சாரத்தை நிறுத்தி எடுத்தால்தான் அந்தக் கதவு திறக்கும். அப்படியானால் காவல்காரன் செத்துப்போகவில்லை, தன் வேலையைச் செய்துகொண்டிருந்தான்.

இங்கே ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கணினிக்குள் இருக்கும் சாமான்களில், கழற்றி வைத்துவிட்டாலும் வேலை நடக்கக்கூடியது இந்த அலங்கார விளக்குதான். ஆகவே, எண்ணூறு வெள்ளிச் சாமானைச் சந்தேகிப்பதற்கு முன்னால் காசு செலவில்லாமல் சந்தேகிக்கக்கூடியது அதுவே.

விளக்கை நிரலில் அணைத்துவிட்டால் போதாதா என்று தம்பி கேட்டான். போதாது. மணி கறுத்துத் தெரிந்தாலும் பட்டைக்குள் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும். கம்பியையே பிடுங்க வேண்டும்.

அதற்குக் கணினியை முறைப்படி அணைத்து, சுவரிலிருந்து பிளக்கை உருவிவிட வேண்டும். பிறகு பொத்தானை ஐந்தாறு விநாடி அழுத்திப் பிடித்தால் மிச்ச மின்சாரம் வடிந்துவிடும். கண்ணாடிக் கதவைக் கழற்றினால் தரையில் சாக்கோ பாயோ விரித்து அதன்மேல் படுக்க வையுங்கள். அந்த வகைக் கண்ணாடியின் ஓரம் பீங்கான் தரையில் இலேசாகத் தட்டினாலும் முழுவதும் பொடிப்பொடியாகச் சிதறிவிடும். பெட்டியின் இரும்பை ஒரு முறை தொட்டு, உடம்பில் இருக்கும் நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டுப் பிறகு கையை உள்ளே விடுங்கள். மின்வழங்கிப் பெட்டியை மட்டும் எந்தக் காரணத்தைக் கொண்டும் திறக்காதீர்கள். பிளக்கை உருவிய பிறகும் அதற்குள் ஆளைத் தூக்கி எறியும் மின்சாரம் தங்கியிருக்கும்.

விளக்கு வைத்த விசிறிகளுக்குப் பெரும்பாலும் இரண்டு கம்பிகள் உண்டு. ஒன்று சுழல, ஒன்று ஒளிர. ஒளிரும் கம்பியைத்தான் உருவ வேண்டும். அவசரத்தில் சுழலும் கம்பியை உருவிவிட்டால், சூட்டினால் கணினி அணையும். உங்கள் சோதனையே பொய்யாகிவிடும். சில வகைகளில் இரண்டும் ஒரே கம்பியில் வரும். அவற்றைத் தொடாமல் விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் கழற்றுங்கள்.

நாங்கள் பட்டையின் கம்பியை மட்டும் பிடுங்கினோம். அன்றிரவு கணினி அணையவில்லை. ஆனால் ஓர் இரவை நம்பக்கூடாது. நாளுக்கு ஒரு முறை அணைகிற கணினி என்றால் மூன்று நாளாவது ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். மூன்று நாளும் ஓடியது. தம்பி தன் கட்டுரையை மறுபடி எழுதி முடித்தான். இந்த முறை பென்டிரைவில் ஒரு படியும் எடுத்து வைத்தான்.

சனிக்கிழமை பட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தோம். பெட்டியின் அளவுக்கு ஏற்பக் கத்தரிக்கோலால் நறுக்கியிருந்தான். நறுக்குவது தப்பில்லை, அதற்கென்றே கோடு போட்டிருப்பார்கள். ஆனால் நறுக்கிய முனையில் செம்புப் புள்ளிகள் மூடாமல் வெளியே தெரிந்தன. ஒன்றில் 5 வோல்ட் மின்சாரம், இன்னொன்று அது திரும்பும் வழி. பட்டையின் பின்புறப் பசை, கணினி சூடேறினால் இளகும். முதல் மூன்று வாரம் முனை ஒட்டிக்கொண்டிருந்தது. பிறகு, இரண்டு மணி நேரம் ஓடியதும் தொங்கி, பெட்டியின் இரும்பைத் தொடத் தொடங்கியது. தொட்டதும் காவல்காரன் கதவை அடைத்தான். ஆறியதும் முனை விலகிக்கொண்டது. கடைக்காரர் பகல் வேளையில் மேசைமேல் வைத்துப் பார்த்தபோது என்ன தெரிந்திருக்கும்! அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. ஆனாலும் மதர்போர்ட் என்று அத்தனை உறுதியாகச் சொல்லியிருக்க வேண்டாம்.

கறுப்பு மின்நாடாவை முனையில் இரண்டு சுற்றுச் சுற்றினோம். பட்டையைப் பிளாஸ்டிக் கட்டுக் கம்பியால் இறுக்கினோம். ஆன செலவு தேநீர்க் காசு.

விளக்கினால் வரும் தொல்லை இந்த ஒரு வகை மட்டும் அல்ல. இப்பட்டைகளில் ஒவ்வொரு மணிக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று சின்னஞ்சிறு எல்.இ.டி. விளக்குகள் உள்ளன. நல்ல பிரகாசமான நீல எல்.இ.டி. கிடைக்க 1990களின் தொடக்கம்வரை உலகம் காத்திருந்தது. அதைக் கண்டுபிடித்த அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவருக்கும் 2014இல் பௌதிக நோபல் பரிசு கிடைத்தது. பரவலாக விற்கும் மணிகளில் மூன்று விளக்கும் சேர்ந்து முழு வெள்ளையாக எரியும்போது ஒரு மணி ஏறக்குறைய 60 மில்லி ஆம்பியர் இழுக்கும். 50 மணி என்றால் 3 ஆம்பியர். மதர்போர்டில் இருக்கும் 5 வோல்ட் விளக்கு முனை பொதுவாகத் தாங்குவதும் அந்த 3 ஆம்பியர்தான். ஒரே குழாயில் லயத்து வீடுகள் எல்லாம் ஒரே நேரத்தில் தண்ணீர் பிடித்தால் என்ன ஆகும்? அதே கதைதான். பட்டைக்குப் பட்டை கோத்து நீட்டியிருந்து, வெள்ளை நிறம் வரும் நேரத்தில் மட்டும் தகராறு என்றால் இதைச் சந்தேகியுங்கள். அதிகப் பட்டை வேண்டுமானால், மின்வழங்கியிலிருந்து நேரே மின்சாரம் எடுக்கும் பிரிப்பான் வாங்கிப் பொருத்த வேண்டும்.

முனைகளிலும் இரண்டு சாதி உண்டு. நான்கு ஊசி உள்ளது 12 வோல்ட். நான்கில் ஒன்று இல்லாமல் இடைவெளி விட்டு மூன்று ஊசி உள்ளது 5 வோல்ட். 5 வோல்ட் பட்டையை 12 வோல்ட்டில் செருகினால் பட்டை கருகிவிடும், மதர்போர்டும் சேர்ந்து போகலாம். பொருந்தவில்லை என்றால் அழுத்தாதீர்கள். அது பொருந்தக் கூடாது என்பதற்காகத்தான் அப்படிச் செய்து வைத்திருக்கிறார்கள்.

இனி, நீலத் திரை வருகிற வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் கணினியில் எத்தனை விளக்கு நிரல் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். விசிறிக் கம்பெனி ஒன்று தரும், ராம் கம்பெனி ஒன்று தரும், மதர்போர்ட் கம்பெனி ஒன்று தரும். ராம் விளக்குக்கான கட்டளை பொதுவாக, ராமின் அடையாள விவரத்தைப் படிக்கும் அதே மெல்லிய தடத்தில்தான் போகிறது. இரண்டு நிரல்கள் முறை வைத்துக்கொள்ளாமல் ஒரே நேரத்தில் அந்தத் தடத்தில் பேசினால், இரண்டு மண்டோர்கள் ஓர் ஆளை ஒரே நேரத்தில் வெவ்வேறு நிரைக்குப் போகச் சொன்ன மாதிரி ஆகிவிடும். கணினி திகைத்து நின்றுவிடும். எல்லா விளக்கு நிரலையும் நீக்கிவிட்டு, சில நாள் ஓட்டிப் பார்த்து, தேவைப்பட்டால் ஒன்றே ஒன்றைப் புதிய பதிப்பாகப் போடுங்கள். 2023இல் விண்டோஸ் 11 தன்னுள்ளேயே டைனமிக் லைட்டிங் என்ற வசதியைச் சேர்த்தது. உங்கள் விளக்கு அதற்கு இணங்குமானால் வேறு நிரலே வேண்டாம்.

இத்தனையும் செய்து, விளக்கு ஒன்றுமே இல்லாத நிலையிலும் கணினி அணைகிறதா? அப்போது கடைக்கு எடுத்துப் போகலாம். போகும்போது என்ன கழற்றினீர்கள், எத்தனை நாள் பார்த்தீர்கள், எப்படி அணைகிறது என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். தாளோடு வருகிறவரிடம் கடைக்காரர் பேசும் விதமே வேறாக இருக்கும்.

அந்தத் தம்பியின் பெட்டியில் பட்டை மறுபடியும் எரிகிறது. பரீட்சை முடியும்வரை அதை மாட்டக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாராம். முடிந்த அன்று சாயங்காலமே மாட்டிவிட்டான்.