கடை உங்கள் பெயரில், கடவுச்சொல் யார் கையில்?

பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் கடைக்காரருக்கு இப்போதைய பயம் 2026 செப்டம்பர் முதலாம் திகதி. 2018 ஜனவரியில் கேஸ் மெஷின் சட்டம் வந்தபோதும் தெரு முழுக்க இப்படித்தான் கதை ஓடியது. அத்தாட்சி இல்லாத மென்பொருள் வைத்திருந்தால் 7,500 யூரோ தண்டம் என்று கேட்டதும், பழைய பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது வாங்கினார்கள். விஷயம் அத்தோடு முடிந்தது. இந்தமுறை வாங்கி மேசையில் வைப்பதற்குப் பெட்டி ஒன்றும் இல்லை. அதனால்தான் பயம் கூட.

2026 செப்டம்பர் 1 முதல் பிரான்சில் எல்லா வணிகரும் எலெக்ட்ரோனிக் பக்தூர் (விலைச்சிட்டை) பெறக்கூடிய நிலையில் இருக்கவேண்டும். பெரிய, நடுத்தர நிறுவனங்கள் அன்றே அனுப்பவும் தொடங்கவேண்டும். சின்னக் கடைகளுக்கு அனுப்புகிற கடமை ஒரு வருடம் கழித்து, 2027 செப்டம்பரில். தேவேஆ (பெறுமதிசேர் வரி) அறவிடாத ஒரு ஆள் கொம்பனிகளும் இதற்குள் அடக்கம். மின்னஞ்சலில் பிடிஎஃப் அனுப்பிவிட்டால் சரிதானே என்று பலர் நினைக்கிறார்கள். சரியில்லை. கணினி தானே வாசிக்கக்கூடிய தரவாக, அரசு அங்கீகரித்த தளம் ஒன்றின் வழியாகத்தான் அது போய்ச்சேரவேண்டும். போகிற வழியில் அதிலுள்ள விவரம் இம்போவுக்கும் (வரி அலுவலகத்துக்கும்) போகும். சனம் வந்து வாங்குகிற அரிசிக்கும் கறித்தூளுக்கும் பக்தூர் எழுதத் தேவையில்லை, ஆனால் விற்பனைத் தொகைகளை அதே வழியில் அறிவிக்கவேண்டிவரும்.

இதிலே முறைப்பாடு சொல்ல ஒன்று இருக்கிறது. ஆரம்பத்தில் அரசே ஒரு இலவசத் தளம் நடத்தும், விரும்பியவர் அதைப் பாவிக்கலாம் என்றுதான் சொல்லப்பட்டது. 2024 ஒக்டோபரில் அந்த யோசனை கைவிடப்பட்டது. அரசு இப்போது விலாசப் புத்தகத்தையும் தரவு சேர்க்கிற வேலையையும் மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறது. பக்தூரை ஏற்றி இறக்குவது தனியார் தளங்கள். இத்தாலி 2019 ஜனவரியில் இதே சட்டத்தைக் கொண்டுவந்தபோது அரச வலைத்தளத்திலேயே இலவசமாகச் செய்யலாம் என்று விட்டது. இந்தியா 2020 ஒக்டோபரில் 500 கோடி ரூபாய்க்கு மேல் புரளுகிற நிறுவனங்களில் தொடங்கி, படிப்படியாக இறக்கி, 2023 ஓகஸ்டில்தான் 5 கோடிக்கு வந்தது. மதுரையில் மளிகைக்கடை வைத்திருப்பவருக்கு அங்கே இது இன்னும் பெரும்பாலும் பத்திரிகைச் செய்தி. இங்கே லாச்சப்பலின் றூ கய் தெருவில் சேலைச் சட்டை தைக்கிற ஒருவருக்கு அது சட்டம்.

வரி ஏய்ப்பைக் குறைக்க இது வேண்டும் என்கிறவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. மொத்தக்காரரின் பக்தூரும் சில்லறைக்காரரின் கணக்கும் பொருந்தாத கடைகள் எங்கள் தெருவிலும் இருக்கின்றன. அது எல்லோருக்கும் தெரியும்.

எனக்கு உறுத்துவது வேறு. எந்தத் தளம், மாதம் எவ்வளவு, எப்படிப் பதிவது என்று கடைக்காரர்களிடம் கேட்டுப் பார்த்தேன். ஏறக்குறைய எல்லோரும் சொன்ன பதில் ஒன்றுதான்: "அதெல்லாம் அவர் பார்ப்பார்." அவர் என்றால் சிலருக்குக் கணக்காளர். சிலருக்கு, பக்கத்துத் தெருவில் லப்டொப்போடு இருக்கிற ஒரு தம்பி. அந்தத் தம்பியிடம் ஏற்கெனவே இம்போ கடவுச்சொல் இருக்கிறது, யுர்சாஃப் கடவுச்சொல் இருக்கிறது, வங்கிக்குள் போகிற இலக்கமும் சில இடங்களில் இருக்கிறது. இனி வாங்குகிற விற்கிற எல்லாமும் அவருக்குத் தெரியும். கடை முதலாளிக்கு மட்டும் தெரியாது.

இது கடைக்காரரோடு நிற்கிற விஷயம் இல்லை. லாச்சப்பலில் இந்த லப்டொப் தொழில் பிறந்ததே பிறிபெக்சர் (விசா கொடுக்கிற அரச அலுவலகம்) விஷயத்தால். புறநகரான எபினே-சூர்-செய்னில் இருக்கிற ஒரு குடும்பத்தை எடுங்கள். விசா கார்ட் (வதிவிட அட்டை) புதுக்கவேண்டும் என்றால் முன்பு விடிய எழும்பிப் போய் வரிசையில் நின்றார்கள். இப்போது எபினே-வில்தனேசில் ஆஷ் இரயில் எடுத்து கார் து நோரில் இறங்கி, நடந்து லாச்சப்பலுக்கு வந்து, "ஒன்லைனில் போடுறது" என்று எழுதி ஒட்டியிருக்கிற கடைக்குள் போகிறார்கள். கார்ட் வீட்டிலே, இணையம் வீட்டிலே, பிள்ளையும் வீட்டிலே. ஆனாலும் இரயில் ஏறித்தான் ஒன்லைனுக்குப் போகவேண்டியிருக்கிறது.

ஏன் போகிறார்கள் என்று கேட்பவர் அந்தப் பக்கத்தை ஒருமுறை திறந்து பார்க்கட்டும். வெளிநாட்டவருக்கான ஆனெஃப் தளத்தில் பெரும்பாலான கார்ட் வகைகளைப் புதுக்கும் விண்ணப்பம், முடிகிற திகதிக்கு நான்கு மாதம் முன்பிருந்து இரண்டு மாதம் முன்பு வரையிலான இடைவெளிக்குள் போடப்படவேண்டும். படத்தை ஸ்கான் பண்ணிப் போட முடியாது. அங்கீகாரம் பெற்ற படப்பெட்டியிலோ படக்கடையிலோ எடுத்து, அது தருகிற 22 எழுத்து இலக்கக் கோடைத் தட்டவேண்டும். ஒவ்வொரு பத்திரத்துக்கும் அளவு வரையறை. கடவுச்சீட்டில் தகப்பன் பெயரும் சொந்தப் பெயரும் ஒரு ஒழுங்கில், கார்டில் இன்னொரு ஒழுங்கில், சம்பளத் துண்டில் மூன்றாவது ஒழுங்கில் இருக்கிற எங்கள் சனத்துக்கு, கணக்குத் திறக்கிற முதல் பெட்டியிலேயே சிக்கல். பிரெஞ்சிலே பாணும் பாலும் வாங்கத் தெரிந்தவர், சமையலறையில் இருபது வருடம் பிரெஞ்சு முதலாளியோடு வேலைசெய்தவர், அந்தத் திரைக்கு முன்னால் கைநாட்டுக்காரர் ஆகிவிடுகிறார்.

அதனால் கடைக்குப் போகிறார். கடையில் முதலில் கேட்பது மின்னஞ்சல் முகவரி. இல்லை என்கிறார். "பரவாயில்லை அண்ணை, நானே ஒண்டு திறந்து விடுறன்." அந்த ஒரு வரியில்தான் முழு விபரீதமும் இருக்கிறது.

அதன் பிறகு அரசு அவரோடு பேசுவதில்லை. அவருக்காகத் திறந்த அந்த முகவரியோடு பேசுகிறது. இன்ன பத்திரம் குறைகிறது, இத்தனை நாளுக்குள் அனுப்பு என்று கடிதம் வந்தால் அது அங்கே வந்து கிடக்கும். விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது என்கிற நீடிப்புச் சான்றிதழ், பழைய றெசிப்பிசேயின் இடத்தில் இப்போது வருவது, அதுவும் கணக்குக்குள்தான் வரும். தம்பி விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தால்? கடையை விற்றுவிட்டால்? முதலாளி "உன் பேப்பர் முடிந்துவிட்டதே" என்று கேட்கிற அன்றுதான் இவர் மறுபடி இரயில் ஏறுகிறார். செல்லுபடியான பத்திரம் இல்லாதவரை வேலையில் வைத்திருக்க முதலாளிக்குச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. வேலை நின்றால் காஃப் (குடும்ப உதவிப்பணம்), வீட்டு வாடகை என்று ஒவ்வொன்றாய்ச் சரியும். இது எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்தது, எந்தக் கடை என்று சொல்ல வரவில்லை. அந்தத் தம்பி கெட்டவரும் இல்லை. இருநூறு பேருக்குத் திறந்த இருநூறு முகவரியையும் தினமும் பார்க்க எவராலும் ஏலாது.

அரசுக்கு இது தெரியாமல் இல்லை. 2022 ஜூன் 3 இல் நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றமான கொன்செய் தெத்தா ஒரு தீர்ப்புச் சொன்னது: ஒன்லைனைக் கட்டாயமாக்கலாம், ஆனால் முடியாதவருக்கு உதவி இருக்கவேண்டும், உதவியோடும் முடியாமல் போனால் வேறு வழியும் இருக்கவேண்டும். உரிமைக் காப்பாளர் அலுவலகம் 2019 இலும் 2022 இலும் பொதுவாக ஒன்லைன் மயத்தைப் பற்றி எழுதியது. 2024 டிசம்பரில் ஆனெஃப் பற்றியே தனி அறிக்கை வைத்து, பெருமளவில் உரிமைகள் பாதிக்கப்படுகின்றன என்று தலைப்பிலேயே சொன்னது. அந்த அலுவலகத்துக்கு 2019 இல் வந்த முறைப்பாடுகளில் பத்தில் ஒன்றுதான் வெளிநாட்டவர் உரிமை பற்றியது. 2024 இல் மூன்றில் ஒன்றுக்கும் மேல்.

"விடிய நாலு மணிக்குக் குளிரில நிண்டதை மறந்திட்டியளோ?" என்று வயதான ஒருவர் என்னைக் கேட்டார். மறக்கவில்லை. வரிசை போனது நல்லது. அந்த வரிசையில் இடம் விற்றவர்கள் இருந்தார்கள், பிறகு ஒன்லைன் றோந்தேவு (சந்திப்பு நேரம்) விற்றவர்கள் வந்தார்கள். ஆனால் அன்று இடம் விற்றவனிடம் உங்கள் காசு மட்டும்தான் போனது. உங்கள் பெயரில் கையெழுத்து வைக்கிற அதிகாரம் போகவில்லை. வீட்டுத் திறப்பைப் பக்கத்து வீட்டாரிடம் கொடுத்தால் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். கடவுச்சொல்லைத் திரும்ப வாங்கினாலும் அது அந்தத் தம்பியின் மண்டையிலும் கொப்பியிலும் கிடக்கும்.

கொப்பி என்றதும் நினைவுக்கு வருகிறது. சில கடைகளில் ஒரு நீல உறைக் கொப்பி இருக்கும். பெயர், பிறந்த திகதி, வெளிநாட்டவர் இலக்கம், இம்போவின் 13 இலக்க எண், கடவுச்சொல். கவுண்டரில் திறந்தபடி. கடவுச்சொல் எல்லோருக்கும் ஒரே மாதிரி: பெயரின் முதல் மூன்று எழுத்து, பிறந்த வருடம், கடைசியில் ஒரு ஆச்சரியக்குறி. ஃபிரான்ஸ்கொனெக்ட் வந்த பிறகு இம்போ கடவுச்சொல்லும் அதோடு சேர்ந்த மின்னஞ்சலும் கையில் இருந்தாலே ஓய்வூதியக் கணக்கும் வேறு எத்தனையோ அரச சேவைகளும் திறக்கும். கொப்பியின் ஒரு வரியில் ஒரு மனிசனின் அரசாங்க வாழ்க்கை முழுதும் அடங்கிவிடுகிறது.

பயப்படுத்துகிறேன் என்பவர்கள் செபேஎஃப் கதையை நினைக்கட்டும். வேலை செய்தவரின் கணக்கில் பயிற்சிக்கென்று சேர்ந்த யூரோவை, தொலைபேசியில் இலக்கம் கேட்டு, தெரியாத பயிற்சிக்குப் பதிந்து, உருவியெடுத்த காலம் ஒன்று இருந்தது. ஏமாந்தவர்களில் எங்கள் சனமும் உண்டு. பலர் தங்களுக்கு அப்படி ஒரு கணக்கு இருந்ததே காசு போன பிறகுதான் அறிந்தார்கள். 2022 ஒக்டோபரில் அந்தக் கணக்குக்குக் கூடுதல் பாதுகாப்புள்ள அடையாளம் கட்டாயமானது. அதே வருடம் டிசம்பர் 19 சட்டம், அதற்காகத் தொலைபேசி எடுத்து ஆள்பிடிப்பதையே தடை செய்தது. சட்டம் வந்தது நல்லது. ஆனால் கடவுச்சொல்லைத் தானே எழுதிக் கொடுப்பவரை எந்தச் சட்டமும் காக்காது.

இன்னொன்றைப் பத்திரிகைகள் எழுதுவதில்லை, நான் எழுதிவிடுகிறேன். பல வீடுகளில் மனைவியின் காஃப், மனைவியின் அமெலி (மருத்துவக் காப்புறுதி), மனைவியின் விசாக் கணக்கு எல்லாம் கணவனின் தொலைபேசியில். பிரிய நினைக்கிற பெண் முதலில் தேடவேண்டியது வக்கீலை இல்லை, தன் சொந்த மின்னஞ்சலை. கணவன்மார் கோபப்படாமல் தங்கள் தொலைபேசியைத் திறந்து ஒருமுறை பார்க்கட்டும், எத்தனை பேருடைய பெயர் உள்ளே இருக்கிறது என்று. பிள்ளைகள் கதை இன்னும் பெரிது. பன்னிரண்டு வயதில் அப்பாவின் சம்பளத் துண்டையும் அம்மாவின் மருத்துவக் கடிதத்தையும் மொழிபெயர்க்கிற பிள்ளைக்கு அந்த வீட்டில் மறைப்பதற்கு ஒன்றும் மிச்சம் இல்லை.

சரி, வழி என்ன இருக்கிறது? வரி அறிக்கையை ஒன்லைனில் போடுவது 2019 முதல் கட்டாயம்தான். ஆனால் இணையம் இல்லாதவரும், அதைச் செய்யத் தன்னால் முடியாது என்பவரும் இன்றைக்கும் காகிதத்தில் கொடுக்கலாம். கடையில் இதை யாரும் சொல்லமாட்டார்கள். நாடு முழுக்க 2,700க்கு மேற்பட்ட பிரான்ஸ் சேர்விஸ் நிலையங்களில் காஃப், இம்போ, ஓய்வூதிய வேலைகளில் காசு வாங்காமல் உதவுகிறார்கள். கடவுச்சொல்லை நீங்களே தட்டலாம். விசாவுக்குப் பிறிபெக்சர்களிலும் கணினியோடு உதவி மேசைகள் உண்டு. தமிழ் தெரிந்தவர் அங்கே இருப்பார் என்று நான் உறுதி தரமாட்டேன், அதுதான் சனம் லாச்சப்பலுக்கு வருவதற்குக் காரணம். தமிழ்நாட்டில் இ-சேவை மையம் என்று ஒன்று இருக்கிறது: நிர்ணயித்த கட்டணம், கையில் ரசீது. குறை அங்கேயும் ஆயிரம் சொல்வார்கள். ஆனால் ரசீது கொடுக்கிற இடத்துக்குப் போய்ச் சண்டை பிடிக்கலாம். லாச்சப்பலில் இருபது யூரோவைத் தாளாகக் கொடுத்துவிட்டு வந்தவர் யாரோடு சண்டை பிடிப்பது?

பக்தூர் விஷயத்திலும் இதையே கேட்கிறேன். கணக்காளர் தளத்தைத் தெரிவு செய்யட்டும், அதில் தவறில்லை. ஒப்பந்தம் யார் பெயரில், மின்னஞ்சல் யாருடையது, கணக்காளரை மாற்றினால் பழைய பக்தூர்கள் கூட வருமா, இவற்றை எழுத்தில் கேட்டு வாங்கவேண்டும். செப்டம்பருக்குப் பிறகு கேட்டால் பதில் வர நாளாகும்.

சங்கங்களுக்கும் ஒன்று சொல்லலாம். வார இறுதியில் தமிழ்ப் பள்ளிக்குப் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, வகுப்பு முடியும்வரை நடையிலே தொலைபேசியைத் தடவிக்கொண்டு நிற்கிற பெற்றோர் எத்தனை பேர்! அந்த நேரத்துக்குள் ஒரு மின்னஞ்சல் திறக்கவும், ஒரு கடவுச்சொல் தானே வைக்கவும், குறுந்தகவலில் வருகிற கோடை வேறு யாருக்கும் வாசித்துக் காட்டக்கூடாது என்று விளங்கவும் காணும். சொல்லிக்கொடுக்கத் தெரிந்த இளம் பிள்ளைகளும் அதே கட்டடத்துக்குள் இருக்கிறார்கள். இந்த யோசனையைச் சங்கக்காரர் ஒருவரிடம் சொன்னேன். நல்லது என்றார், செய்வோம் என்றார். யாரைக் கொண்டு படிப்பிக்கலாம் என்று கேட்டதற்கு அவர் சொன்ன முதல் பெயர், லாச்சப்பலில் அந்த லப்டொப் கடை வைத்திருக்கிற தம்பி.