வேப் திரையில் மூன்று எண்கள்

சுங்கைப்பட்டாணியில் ஏதாவதொரு சாப்பாட்டுக் கடை மேசையில் கிடக்கும் வேப் கருவியைக் கையில் எடுத்துப் பாருங்கள். பக்கவாட்டில் விரல் நகமளவு திரை. அதில் மூன்று எண்கள்: 0.8 ஓம், 3.9 வோல்ட், 19 வாட். கூட்டல் பொத்தானை அமுக்கினால் 19 என்பது 20 ஆகும், 21 ஆகும். கூடவே 3.9 என்பதும் 4.0, 4.1 என்று ஏறும். 0.8 மட்டும் இருந்த இடத்திலேயே நிற்கும்.

அது காயிலுக்கு உரிய எண். தொட்டிக்குள், திரவத்தில் ஊறிய பஞ்சைச் சுற்றி ஒரு சின்னக் கம்பிச் சுருள் இருக்கிறது. பெரும்பாலும் இரும்பும் குரோமியமும் அலுமினியமும் கலந்த காந்தல் கம்பி. சுவீடனில் உருவான இந்தக் கலவை சில டோஸ்டர்களுக்குள்ளும் சிவந்து எரிகிறது. கம்பி எவ்வளவு நீளம், எவ்வளவு தடிமன், என்ன உலோகம் என்பவை அதன் மின்தடையைத் தீர்மானித்துவிடுகின்றன. காயிலை மாற்றினாலொழிய அந்த எண் மாறாது. 2003-இல் சீன மருந்தாளர் ஹோன் லிக் இந்தக் கருவியை உருவாக்கியபோது மீயொலி அதிர்வால் திரவத்தை ஆவியாக்கப் பார்த்தார். பிறகு வந்த கருவிகள் ஏறக்குறைய எல்லாமே சூடேறும் கம்பிக்கு மாறிவிட்டன. எத்தனை பழ வாசனை சேர்த்தாலும் வேப் என்பது அடிப்படையில் ஒரு குட்டி ஹீட்டர்தான்.

ஹீட்டருக்கான கணக்கு இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரிந்ததே. 1827-இல் ஜெர்மானியர் ஜார்ஜ் ஓம் வெளியிட்ட விதி அது. வோல்ட்டை ஓமால் வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும். அந்த ஆம்பியரை வோல்ட்டால் பெருக்கினால் வாட். 1.2 ஓம் காயிலுக்கு 3.7 வோல்ட் கொடுத்தால் ஓடுவது சுமார் 3 ஆம்பியர், கிடைப்பது 11 வாட். அதே 3.7 வோல்ட்டை 0.5 ஓம் காயிலுக்குக் கொடுத்தால் 7.4 ஆம்பியர், 27 வாட். தடை குறையக் குறைய ஓட்டமும் சூடும் ஏறும். வீட்டில் 240 வோல்ட்டில் கொதிக்கும் 2000 வாட் கெட்டில் எடுப்பது 8.3 ஆம்பியர். கட்டைவிரல் அளவு பேட்டரியிலிருந்து கிட்டத்தட்ட அதே அளவு மின்னோட்டம் வெளியேறுகிறது என்பதை நினைத்துப் பாருங்கள்.

அந்தப் பேட்டரியும் ஒரே நிலையில் இருப்பதில்லை. நிறைய சார்ஜ் இருக்கையில் 4.2 வோல்ட், தீரும் நேரத்தில் 3.2 வோல்ட். நேராகக் காயிலோடு இணைத்தால், காலையில் 35 வாட் கொடுத்த 0.5 ஓம் காயில் மாலையில் 20 வாட்டுக்கு இறங்கிவிடும். இதைச் சமன் செய்யத்தான் உள்ளே ஒரு சில்லு. காயிலின் தடையை அளந்து, நீங்கள் கேட்கும் வாட்டுக்கு எத்தனை வோல்ட் வேண்டும் என்று அதுவே கணக்குப் போடும். 30 வாட் கேட்டால் 0.5 ஓம் காயிலுக்கு 3.9 வோல்ட் போதும். 1.2 ஓம் காயிலுக்கு 6 வோல்ட் தேவை. ஒற்றைப் பேட்டரியால் 6 வோல்ட் தர முடியாது. மின்னோட்டத்தை நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி இணைத்து, மின்னழுத்தத்தை உயர்த்தித் தருவது டிரான்சிஸ்டர்களின் வேலை. மின்சக்தியை ஆளும் இத்தகைய சில்லுத் தொழில் நமக்குத் தூரத்து விஷயமில்லை. கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவில் இன்பினியோன் நிறுவனம் 2006 முதல் அதைத்தான் செய்கிறது. கார்களிலும் சூரிய மின் நிலையங்களிலும் பயன்படும் அறிவு அது. ஒரு பதினைந்து வயதுப் பையனின் நுரையீரலுக்கு ஆவி அனுப்பவும் அதே அறிவு உதவுகிறது என்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

திரை காட்டாத எண் ஒன்று உண்டு. அதுதான் காயிலின் வெப்பநிலை. 19 வாட் என்றால் இத்தனை டிகிரி என்று சொல்லவே முடியாது. பஞ்சில் எவ்வளவு திரவம் ஊறியிருக்கிறது, காற்று எவ்வளவு போகிறது, எத்தனை நொடி இழுக்கிறார் என்பதைப் பொறுத்து அது ஏறி இறங்கும். திரவத்தின் பெரும்பகுதி புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின் என்ற இரண்டே பொருள்கள். முன்னது 188 டிகிரியில் கொதிக்கும், பின்னது 290-இல். கிளிசரினைச் செம்பனை எண்ணெயிலிருந்தும் எடுக்கிறார்கள். பஞ்சு ஈரமாக இருக்கும்வரை திரவம் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொள்கிறது. வாட் கூடிப்போய், திரவம் வந்து சேர்வதற்குள் பஞ்சு காய்ந்துவிட்டால் கம்பி எக்கச்சக்கமாகச் சூடேறும். கிளிசரினும் கிளைக்காலும் சிதைந்து பார்மால்டிஹைடு போன்ற நச்சுகள் பிறக்கும். இழுப்பவர் தொண்டையில் தீய்ந்த கசப்பாக உணர்வது அதைத்தான்.

2015-இல் அமெரிக்காவின் போர்ட்லாந்து மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரே கருவியை இரண்டு மின்னழுத்தங்களில் சோதித்தார்கள். 3.3 வோல்ட்டில் பார்மால்டிஹைடு தரும் சேர்மங்கள் அகப்படவில்லை. 5 வோல்ட்டில் அகப்பட்டன. அவ்வளவு சூட்டில் வரும் கசப்பை யாரும் தாங்கி இழுக்கமாட்டார்கள் என்று வேறு ஆய்வாளர்கள் மறுத்தார்கள். இரு தரப்பும் சொல்வதில் ஒன்று பொதுவாக இருக்கிறது: திரவம் வந்து சேரும் வேகத்தைச் சூடு முந்தக்கூடாது. அதனால்தான் காயிலின் உடம்பிலேயே '0.8 ஓம், 12–18 வாட்' என்பதுபோல் அச்சிடுகிறார்கள். மேலே சொன்ன 19 வாட் அந்த எல்லையைத் தாண்டிவிட்டது. எல்லைக்குள் இருந்துவிட்டால் ஆபத்தில்லை என்று பொருள் கொள்ள வேண்டாம். நிக்கோட்டின் எந்த வாட்டிலும் நிக்கோட்டினே.

சில கருவிகள் வெப்பநிலையைக் கணிக்கவும் செய்கின்றன. நிக்கல் கம்பி சூடேறச் சூடேற அதன் தடையும் ஏறும்; 20 டிகிரியிலிருந்து 220-க்குப் போனால் இரு மடங்கைத் தாண்டும். அதை வைத்துச் சில்லு மின்சாரத்தைக் குறைத்துவிடும். காந்தலில் இந்த வித்தை பலிக்காது, அதன் தடை அவ்வளவாக மாறுவதில்லை.

கெட்ட பழக்கத்தை எதிர்ப்பது இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. 1947-இல் கெடாவின் பீடோங் ஹார்வர்டு தோட்டத்தில் ஏ.எம். சாமியின் தொழிலாளர் தொண்டர் படை கள்ளுக்கடைகளை எதிர்த்து நின்றது. கள்ளின் கேடு தோட்டம் முழுக்கத் தெரிந்தது, வாடை வீட்டு வாசலிலேயே காட்டிக்கொடுத்தது. வேப்பில் மாம்பழ வாசனைதான் வருகிறது, அதுவும் சில நொடிகளில் கலைந்துவிடுகிறது. 2024 அக்டோபர் 1 முதல் நடப்பிலிருக்கும், மலேசியாவின் புகைப்பொருள் கட்டுப்பாட்டுக்கான 852-ஆம் சட்டம் 18 வயதுக்குட்பட்டோருக்கு வேப் விற்பதைத் தடை செய்கிறது. ஆகவே பிள்ளையின் பையில் இது அகப்பட்டால் பெற்றோர் தயங்காமல் கேட்கலாம், எங்கே வாங்கினாய் என்று.

மேலே சொன்ன சில்லு எல்லாக் கருவிகளிலும் இருப்பதில்லை. 'மெக்கானிக்கல்' என்று சொல்லப்படும் குழாய் வடிவக் கருவிகளில் திரையும் கிடையாது, சில்லும் கிடையாது. பேட்டரி, பொத்தான், காயில், அவ்வளவுதான். 0.2 ஓம் காயிலைப் போட்டால் நிறைந்த பேட்டரியிலிருந்து 21 ஆம்பியர் பாயும். தடுத்து நிறுத்த உள்ளே எதுவும் இல்லை. 2018-இல் புளோரிடாவிலும் 2019-இல் டெக்சாஸிலும் கருவி வெடித்து இருவர் இறந்தார்கள். சில்லு உள்ள கருவியிலும் பேட்டரிக்குச் சுமை உண்டு: சார்ஜ் 3.2 வோல்ட்டுக்கு இறங்கிய நேரத்தில் 30 வாட் கேட்டால், வழியில் வீணாவதையும் சேர்த்து, அது 10 ஆம்பியருக்கு மேல் கொடுத்தாக வேண்டும். எனவே பெரியவர்கள் யாராவது பேட்டரி மாற்றுவதாக இருந்தால், தொடர்ச்சியாக எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று கடையில் கேட்டு வாங்குங்கள். மேலுறை கிழிந்த பேட்டரியைச் சாவிக்கொத்தோடு சட்டைப்பையில் போடாதீர்கள்.