மேகம் மூடிய நாளில் பறவைப் படம்

வானம் மூடிவிட்டால் கேமராவை உறைக்குள் வைத்துவிடுவது பலருக்குப் பழக்கம். வெள்ளைப் பறவைகளைப் பொறுத்தவரை இது தவறு. 1967இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கோடியக்கரைக்கு வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பூநாரைகளும் உள்ளான்களும் வருகின்றன. உச்சி வெயிலில் அங்கே ஒரு கொக்கைப் படமெடுத்தால் முதுகு வெறும் வெள்ளைத் திட்டாகும், வயிற்றடி கறுத்துப்போகும். மேகமோ ஒளியை எல்லாத் திசையிலும் பரப்புகிறது. இறகின் ஒவ்வொரு மடிப்பும் தெரிகிறது, பூநாரையின் இளஞ்சிவப்பும் வெளிறுவதில்லை.

வெளிச்சம் போதாதே என்பார்கள். உண்மைதான்: நல்ல மேகமூட்டத்தில் ஒளி வெயிலில் இருப்பதில் நாலில் ஒரு பங்கோ எட்டில் ஒரு பங்கோதான். ஐஎஸ்ஓ 400ஐ 1600க்கு உயர்த்தினால் படத்தில் சற்றுப் புள்ளி விழும். ஆனால் வெளிறி அழிந்த இறகை எந்த மென்பொருளும் மீட்காது. அந்தப் புள்ளி பெரிதாகத் தெரியாமலிருக்கப் பறவை அருகே வரவேண்டும். மரமற்ற அந்தச் சேற்று வெளியில் அதற்கு வழி மறைப்புக் கூடாரமே. விடியுமுன் உள்ளே போய் அசையாமல் இருந்தால், ஆள் உருவம் தெரியாத பறவைகள் தாமாகவே இரை தேடி நெருங்கும்.

கூடாரமும் தொந்தரவுதானே? கூட்டருகே அமைத்தால் நிச்சயமாக. தாய் எழுந்து போனால் முட்டை காக்கைக்குத்தான். எனவே வனத்துறை அனுமதியோடு, இரைதேடும் இடத்தில் மட்டும் அமைக்க வேண்டும். பறவைகள் பறந்து போன பிறகே வெளியே வரவேண்டும்.