குமிழும் குரலும்: கித்தார் ஒலிபெருக்கியின் ஒலிவண்ணம்

மொழியியலாருக்கு ‘டோன்’ என்னும் சொல் குரலின் ஏற்ற இறக்கத்தைக் குறிக்கும். மாண்டரினில் ‘மா’ என்னும் ஓரசை, குரல் உயரும்போது ஒரு பொருளும் தாழும்போது வேறொரு பொருளும் தருவதை நம் மாணவர்கள் அன்றாடம் கேட்கின்றனர். ஆம்ப்ளிஃபையர் எனப்படும் கித்தார் ஒலிபெருக்கியின் முகப்பிலுள்ள ‘டோன்’ அதுவன்று. அக்குமிழை எவ்வளவு திருப்பினாலும் சுரம் மாறாது, மாறுவது ஒலிவண்ணம். ஒரே சுருதியில் ஆகாரத்தையும் ஈகாரத்தையும் மாற்றி மாற்றி இசைத்துப் பார்த்தால் இவ்வேறுபாடு விளங்கும்.

குரல்நாண்கள் எழுப்பும் ஒலியில் அடிப்படை அதிர்வெண்ணோடு அதன் மடங்குகளான மேற்சுரங்களும் கலந்துள்ளன. நாவும் இதழும் வாய்க்குழியின் வடிவை மாற்றும்போது அவற்றுட் சில ஓங்குகின்றன, சில ஒடுங்குகின்றன. உயிரெழுத்துகள் இவ்வாறே பிறக்கின்றன. கித்தாரின் தடித்த தந்தி ஏறத்தாழ 82 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அதன் மேற்சுரங்களோ சில ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை செல்கின்றன. பாஸ், மிடில், டிரெபிள் என்னும் மூன்று குமிழ்களும் அவற்றின் மீது வாய்க்குழியின் வேலையைச் செய்கின்றன.

இங்கே ஒரு மயக்கத்தைக் களைதல் வேண்டும். குமிழ்கள் மூன்றையும் 5இல் நிறுத்தினால் ஒலி உள்ளவாறே வெளிவரும் என்று பலர் எண்ணுகின்றனர். ஃபெண்டர் முதலிய பல ஒலிபெருக்கிகளில் அது மெய்யன்று. அவற்றின் தொனிச்சுற்று மின்தடைகளாலும் மின்தேக்கிகளாலும் மட்டுமே ஆனது. அதனால் குறைக்க இயலுமேயன்றிக் கூட்ட இயலாது. எல்லாம் நடுவில் நிற்கும்போது, சில நூறு ஹெர்ட்ஸ் பகுதியில் ஒரு பள்ளம் விழுந்திருக்கும். பாஸையும் டிரெபிளையும் ஏறத்தாழ முழுவதும் குறைத்து, மிடிலை 10இல் வைக்கும்போதுதான் ஒலி சமநிலையை நெருங்குகிறது. மூன்றையும் பூச்சியத்தில் வைத்தால் இத்தகைய சில கருவிகளில் ஒலியே அடங்கிவிடும். மேலும், ஒரு குமிழைத் திருப்பினால் மற்றவற்றின் செயலும் சற்று மாறும். நடுநிலையில் சமமாக நின்று, இருபுறமும் கூட்டவும் குறைக்கவும் வல்ல சுற்றைப் பீட்டர் பாக்சண்டால் 1952இல் வெளியிட்டார். அது வீட்டு இசைக்கருவிகளில் பெரிதும் பரவியது.

கிராஃபிக் ஈக்வலைசரில் குமிழ்களுக்கு மாறாக நகர்த்திகள் வரிசையாக உள்ளன. அவை நிற்கும் நிலையே ஒரு வரைபடம் போலத் தோன்றுவதால் இப்பெயர். மேசா பூகி மார்க் வரிசையில் 80, 240, 750, 2200, 6600 ஹெர்ட்ஸ் என ஐந்து. பாஸ் நிறுவனத்தின் ஜிஇ-7 மிதிகருவியில் 100 முதல் 6400 வரை ஏழு. ஒவ்வொன்றும் 15 டெசிபெல் கூட்டும், குறைக்கும். 15 டெசிபெல் என்பது மின்னழுத்தத்தில் ஐந்து மடங்குக்கும் மேலாகும். ஆதலின் நகர்த்தியைச் சிறிது சிறிதாகவே அசைத்தல் நன்று.

மேசாவில் இடவமைப்பும் கருதத்தக்கது. அங்குத் தொனிக் குமிழ்கள், ஒலியைச் சிதைத்துக் கரகரப்பாக்கும் நிலைக்கு முன்னும், ஈக்வலைசர் அதற்குப் பின்னும் உள்ளன. முன்னதில் பாஸை மிகுத்தால் சிதைவு குழம்பிவிடும். ஆகவே அங்குக் குறைத்துப் பின்னர் 80 ஹெர்ட்ஸ் நகர்த்தியால் அதனை மீட்கின்றனர். நம் சொற்களில் கூறினால், முன்னது குரல்நாண் எழுப்புவதையே மாற்றுகிறது, பின்னது வாய்க்குழி.

நாம் நடுவராக அமர்ந்த பேச்சுப் போட்டி ஒன்றில், அரங்கின் ஒலியமைப்பு பழுதானதால் ஒலிவாங்கியைக் கித்தார் ஒலிபெருக்கியில் இணைத்தனர். முன்னர் வாசித்த மாணவர் டிரெபிளைப் பூச்சியத்திலும் பாஸை 8இலும் விட்டுச் சென்றிருந்தார். ஈகாரத்தை ஊகாரத்தினின்று பிரித்தறியச் செய்யும் இரண்டாம் ஒத்திசைவு 2200 ஹெர்ட்ஸை ஒட்டியுள்ளது. ழகரத்தை ளகரத்தினின்று பிரிக்கும் குறிப்பும் 1000 ஹெர்ட்ஸுக்கு மேலேதான். அன்று ஒரு மாணவியின் உச்சரிப்புக்கு நாமும் மதிப்பெண் குறைத்தோம். நிகழ்ச்சி முடிந்து தாழ்வாரத்தில் அவர் நம்மிடம் பேசியபோது ழகரம் பிழையின்றி ஒலித்தது. முடிவு அதற்குள் அறிவிக்கப்பட்டிருந்தது.

இக்கருவியே வாய்க்குமாயின், பாஸைக் குறைத்து மிடிலை உயர்த்துதல் பேச்சுக்கு ஏற்றது. டிரெபிளை அரைப்பங்குக்குக் கீழே விடலாகாது. எனினும் ‘பாசி’, ‘பஸ்’ ஆகியவற்றின் உரசொலி பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டது. கித்தாருக்கென அமைந்த 12 அங்குல ஸ்பீக்கர் 5000 ஹெர்ட்ஸுக்கு மேல் விரைந்து ஓய்ந்துவிடும். அவ்வுரசொலியை எந்தக் குமிழும் முழுமையாக மீட்டுத் தராது.