கிரீன் டீ மாத்திரை சர்க்கரை நோய்க்கு மருந்தாகுமா?

கிரீன் டீயின் சாற்றைச் செறிவாக்கி மாத்திரையாகக் கொடுத்தால் சர்க்கரை நோய் கட்டுப்படுமா என்ற கேள்வி பல நாடுகளில் சோதிக்கப்பட்டுள்ளது. தமிழ்நாட்டுக்கு இது நெருக்கமான கேள்வி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இணைந்து நடத்திய ஆய்வு 2023இல் வெளியானது. அதன்படி இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் உள்ளது. தமிழ்நாட்டில் 20 வயதைக் கடந்தவர்களில் 14.4 சதவீதத்தினருக்கு இந்நோய் இருக்கிறது.

இலையில் இருப்பது என்ன?

கிரீன் டீயும் சாதாரணத் தேயிலைத் தூளும் ஒரே செடியின் இலைகள். பறித்த இலையை உடனே ஆவியிலோ சூடான சட்டியிலோ வாட்டினால் அது கறுக்காது. கேட்டசின் எனப்படும் பொருள்கள் அதில் பெருமளவு தங்கிவிடும். அவற்றில் முதன்மையானது ஈஜிசிஜி. மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் நொதிகளை இது மந்தப்படுத்துவதும், இன்சுலினின் வேலைக்குத் துணைநிற்பதும் ஆய்வகச் சோதனைகளில் தெரியவந்தது. ஆனால் மனிதக் குடல் இதை மிகக் குறைவாகவே உறிஞ்சுகிறது. அதனால் ஆய்வகத்தில் கிடைத்த பலன் உடலிலும் அப்படியே கிடைத்துவிடுவதில்லை.

மனிதர்களிடம் நடந்த சோதனைகள்

ஜப்பானில் 17,413 பேரைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2006இல் வெளியானது. தினமும் 6 கோப்பையோ அதற்கு மேலோ கிரீன் டீ குடித்தவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. நம்பிக்கையூட்டும் செய்திதான். ஆனால் இத்தகைய ஆய்வில், பலன் தந்தது டீயா, அதைக் குடிப்பவர்களின் மற்றப் பழக்கங்களா என்று பிரித்தறிய முடியாது.

ஒரு குழுவுக்குச் சாறும் இன்னொரு குழுவுக்கு வெற்று மாத்திரையும் கொடுத்து ஒப்பிடுவதே சரியான சோதனை. அமெரிக்காவில் 49 நோயாளிகளுக்கு மூன்று மாதம் தேயிலைச் சாறு கொடுத்த ஆய்வு 2007இல் வெளியானது. எச்பிஏ1சி எனும் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு குறையவில்லை. தைவானில் 68 பேருக்கு 16 வாரங்கள் தினமும் 1,500 மில்லிகிராம் சாறு கொடுத்தபோதும் இரு குழுக்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை.

மொத்தம் 2,194 பேர் பங்கேற்ற 27 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு 2020இல் வந்தது. வெறும் வயிற்றுச் சர்க்கரை சராசரியாக டெசிலிட்டருக்கு 1.44 மில்லிகிராம் மட்டுமே குறைந்திருந்தது. அதாவது 180 என்ற அளவு சுமார் 178.5 ஆகும். அதாவது 180 என்ற அளவு சுமார் 178.5 ஆகும். சர்க்கரை நோய்க்கு வழக்கமாகத் தரப்படும் மெட்பார்மின் மாத்திரையோ எச்பிஏ1சியைச் சுமார் 1 சதவீதப் புள்ளி அளவுக்குக் குறைக்கிறது.

கல்லீரலுக்கு வரும் ஆபத்து

தண்ணீரில் போட்டுக் குடிக்கும் கிரீன் டீ பெரும்பாலும் பாதுகாப்பானது. செறிவான சாறு அப்படியல்ல. மாத்திரை வழியாகத் தினமும் 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ ஈஜிசிஜி சேர்ந்தால் கல்லீரல் பாதிப்பின் அறிகுறிகள் ரத்தத்தில் தென்படக்கூடும் என ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் எச்சரித்தது. வெறும் வயிற்றில் உட்கொள்வது ஆபத்தைக் கூட்டும். சிறுநீர் அடர்நிறமாதல், கண் மஞ்சளாதல், வயிற்றுவலி ஆகியவை தோன்றினால் மாத்திரையை நிறுத்தி உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கல்லீரல் தவிர வேறு சிக்கல்களும் உண்டு. நாடோலால் என்ற ரத்த அழுத்த மருந்து உடலில் சேர்வதைக் கிரீன் டீ வெகுவாகக் குறைக்கிறது. சாப்பாட்டோடு குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து உறிஞ்சப்படுவதும் குறையும். ரத்தசோகை உள்ள பெண்கள் சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது கழித்துக் குடிப்பது நல்லது.

அனுப்பர்பாளையத்தில் எது பலன் தரும்?

அனுப்பர்பாளையம் பித்தளை, செம்பு, எவர்சில்வர் பாத்திரங்களுக்குப் பெயர் பெற்ற ஊர்; சுற்றிலும் பனியன் கம்பெனிகள். ஒன்றரை ஷிஃப்ட் வேலை பார்ப்பவர்களுக்கு டீதான் இடைவேளை. ஒரு டீக்கு இரண்டு கரண்டி என்றால் சுமார் 10 கிராம் சர்க்கரை. ஐந்து டீயில் 50 கிராம். நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் இருப்பதே மேல் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பால் டீயை விட்டுச் சர்க்கரை போடாத கிரீன் டீக்கு மாறும் ஒருவருக்கு நன்மை கிடைப்பது பெரும்பாலும் தவிர்த்த சர்க்கரையால்தான். சர்க்கரையில்லாத சாதாரண டீயும் அந்த நன்மையைத் தரும்.

சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006இல் வெளியானது. நோயின் விளிம்பில் இருந்த 531 பேர் இதில் பங்கேற்றனர். மூன்று ஆண்டுகளில், வழக்கம்போல் வாழ்ந்தவர்களில் 55 சதவீதத்தினருக்கு நோய் வந்தது. உணவைத் திருத்தித் தினமும் அரை மணி நேரம் நடந்தவர்களில் 39.3 சதவீதத்தினருக்கே வந்தது. பாத்திரப் பட்டறையில் உடலுழைப்பு உண்டு. நாள் முழுதும் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும் டெய்லர்களோ நடைக்கென நேரம் ஒதுக்கியாக வேண்டும்.

வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

சர்க்கரை நோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அப்படி விளம்பரப்படுத்தும் மாத்திரையை வாங்கக் கூடாது. மருத்துவர் எழுதிய மாத்திரையையோ இன்சுலினையோ நிறுத்திவிட்டுக் கிரீன் டீ மாத்திரைக்கு மாறுவது கண், சிறுநீரகம், கால் நரம்புகள் எல்லாவற்றையும் ஆபத்தில் தள்ளும். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் சர்க்கரைப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மருந்து வீட்டுக்கே வருகிறது. கிரீன் டீயை விரும்பிக் குடிக்கலாம். அதன் மாத்திரையை மருந்தாக நம்புவதற்கு இதுவரை ஆதாரம் இல்லை.