மலையை உயர்த்திய தீற்றல்கள்

தென் பிரான்சின் எக்ஸ் நகருக்குக் கிழக்கே நிற்கும் சேன்த் விக்துவார், 1,011 மீட்டர் உயரமுள்ள சுண்ணாம்புப் பாறை மலை. ஆல்ப்ஸ் சிகரங்களுக்கு முன்னால் அது குன்றுதான். அந்த ஊரிலேயே பிறந்த பால் செசான் (1839–1906) அதைத் தைல வண்ணத்தில் மட்டும் 30 முறைக்கு மேல் தீட்டினார். கடைசி ஆண்டுகளின் ஓவியங்களில் வீடு, மரம், வயல் எல்லாம் கட்டம் கட்டமான தீற்றல்களாகிவிடுகின்றன. உணர்ச்சி வேகத்தில் வாரி இறைத்த வண்ணம் என்றுதான் முதலில் நினைக்கத் தோன்றும். என் கட்சி நேர் எதிர்: வேகமல்ல, விடாமல் உற்றுப் பார்த்த பொறுமைதான் அந்தப் பாணியை உண்டாக்கியது.

அவர் நின்று தீட்டிய இடங்களை, அவரை ஆராய்ந்த ஏர்ல் லோரன், ஜான் ரீவால்ட் ஆகியோர் பின்னாளில் தேடிப்போய்ப் புகைப்படம் எடுத்தார்கள். புகைப்படத்தில் மலை சிறுத்துத் தொலைவில் கிடக்கிறது. ஓவியத்திலோ நிமிர்ந்து முன்னே வருகிறது. அப்படியானால் ஓவியம் பொய்யா? கண்ணுக்குப் பிரம்மாண்டமாகத் தெரிந்த மலையைக் கைபேசியில் எடுத்துப் பார்த்து 'இவ்வளவுதானா' என்று ஏமாந்தவர்களுக்கு விடை தெரியும். லென்ஸுக்கு மலையும் புதரும் ஒன்று. மனிதர் பார்வை எதில் நிலைக்கிறதோ அது பெரிதாகிறது. செசான் அந்த அளவைத்தான் தீட்டினார்.

இந்தப் பாணிக்குக் காரணம் கண்கோளாறு என்றும் ஒரு கட்சி உண்டு. எழுத்தாளர் உய்ஸ்மான்ஸ் செசான் காலத்திலேயே விழித்திரை நோய் என்று எழுதினார். லண்டன் கோர்டால்ட் காட்சிக்கூடத்திலுள்ள, 1887 வாக்கில் தீட்டிய ஓவியத்தைப் பார்த்தால் இது நிற்காது. முன்னாலுள்ள பைன் மரக்கிளைகள், பல கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மலைவிளிம்பின் வளைவையே பின்பற்றி வளைகின்றன. மங்கிய கண்ணுக்கு இவ்வளவு நுணுக்கம் கைவராது. பிந்தைய ஓவியங்களில் மலையின் நீலம் சமவெளிக்கு இறங்குகிறது, சமவெளியின் பச்சை வானத்துக்கு ஏறுகிறது. ஒரு தீற்றலை மாற்றினால் பக்கத்திலுள்ளவை எல்லாம் மாற வேண்டும். ஓவிய வணிகர் வொலார், செசான் தீட்டிய தம் உருவப்படத்துக்கு 115 முறை உட்கார்ந்ததாக எழுதியிருக்கிறார். படத்திலுள்ள கையில் வண்ணமில்லாத இரண்டு சிறு இடங்களை அவர் சுட்டியபோது, ஏதோ ஒரு வண்ணத்தை வைத்தால் படம் முழுவதையும் அங்கிருந்து மறுபடி தொடங்க நேரும் என்றாராம் செசான். அவசரக்காரர் பேச்சா இது?

ஆனாலும் மலை ஓவியங்களில் வண்ணம் படாமல் கிடக்கும் வெற்றிடங்கள் எல்லாவற்றையும் இப்படி நியாயப்படுத்த மாட்டேன். 1906 அக்டோபரில் வெளியே தீட்டிக்கொண்டிருந்தவர் புயல்மழையில் சிக்கி, சில நாட்களில் இறந்தார். கடைசிக் கேன்வாஸ்களில் வேண்டுமென்றே விட்டது எது, முடிக்காமல் போனது எது என்று பிரிக்க வழியில்லை. வண்ணம் பட்ட இடங்களை வைத்தே என் வாதம்.