நாய்கள் மனித உணர்ச்சிகளை அறிதல்: இராசபாளையம் நாய்

நாய்கள் தம்முடன் வாழும் மனிதரின் மகிழ்ச்சி, சினம், அச்சம் போன்ற உணர்ச்சிகளை முகம், குரல், மணம் ஆகியவற்றின் வழியாக அறிகின்றன. விருதுநகர் மாவட்டத்தின் இராசபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டாரங்களில் வளர்க்கப்படும் இராசபாளையம் நாய்க்கு இது தனி முக்கியத்துவம் உடையது. இவ்வினத்தில் சில குட்டிகளுக்குப் பிறவியிலேயே காது கேட்பதில்லை. அவை சொல்லைக் கேட்டு அல்ல, ஆளைப் பார்த்தே நடந்துகொள்கின்றன.

இனத்தின் இயல்பு

வெண்ணிற உடல், இளஞ்சிவப்பு மூக்கு, பொன்னிறக் கண்கள் ஆகியவை இந்நாயின் அடையாளங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் காட்டுப்பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் இது வளர்க்கப்பட்டது. இன்று பெரும்பாலும் வீடுகளிலும் தோப்புகளிலும் காவல் காக்கிறது. தன்னை வளர்ப்பவரிடம் மிகுந்த பற்றுக் கொள்ளும். அயலாரிடம் எளிதில் பழகாது. 2005ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை இந்நாயின் படத்துடன் அஞ்சல் தலை வெளியிட்டது.

அறியும் வழிகள்

பிற நாடுகளில் வேறு இன நாய்களைக் கொண்டு நடந்த ஆய்வுகள் மூன்று வழிகளைக் காட்டுகின்றன.

முகம்: 2015இல் வெளியான வியன்னா ஆய்வில், மகிழ்ந்த முகத்தையும் சினந்த முகத்தையும் வேறுபடுத்த நாய்கள் பழக்கப்பட்டன. பாதி முகப் படங்களைக் கொண்டு பழகிய அவை, முன்பின் பார்க்காத முகங்களிலும் அவ்வேறுபாட்டைக் கண்டறிந்தன.

குரல்: 2014இல் வெளியான அங்கேரி நாட்டு ஆய்வில் 11 நாய்களின் மூளை படமெடுக்கப்பட்டது. குரலில் உள்ள உணர்ச்சிக்கு ஏற்ப, மனித மூளையைப் போலவே நாயின் மூளையிலும் செவிப்புலப் பகுதியின் செயற்பாடு மாறியது.

மணம்: 2022இல் வெளியான பெல்பாஸ்ட் ஆய்வில், கடினமான மனக்கணக்குப் போடுவதற்கு முன்னும் பின்னும் மனிதரிடமிருந்து வியர்வையும் மூச்சுக்காற்றும் எடுக்கப்பட்டன. மன அழுத்தத்தின்போது எடுத்த மாதிரியைப் பயிற்சி பெற்ற 4 நாய்கள் பெரும்பாலும் சரியாகக் காட்டின.

'குற்ற உணர்ச்சி' என்னும் தவறான கருத்து

செருப்பைக் கடித்த நாய் தலையைத் தாழ்த்தி, வாலை ஒடுக்கி நிற்பதைக் கண்டு, அது தன் தவற்றை உணர்ந்துவிட்டது என்று பலர் கருதுகின்றனர். நியூயார்க்கைச் சேர்ந்த அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு மாறானது. தவறு செய்யாத நாயும் உரிமையாளர் திட்டும்போது அவ்வாறே நின்றது. எனவே அத்தோற்றம் குற்றத்தை ஒப்புக்கொள்வதன்று. எதிரே நிற்பவரின் சினத்துக்கு நாய் காட்டும் எதிர்வினையே ஆகும்.

காது கேளாத குட்டிகள்

உட்செவி இயங்குவதற்கு நிறமிச் செல்கள் தேவை. வெண்ணிற நாய்கள் சிலவற்றில் அச்செல்கள் அங்கு இல்லாததால், பிறந்த சில வாரங்களில் செவிப்புலன் அழிகிறது. இக்குறை ஒரு காதிலோ இரு காதுகளிலோ இருக்கலாம். கூப்பிட்டால் வராத இத்தகைய குட்டி, பிடிவாதமுள்ளது என்று தவறாக எண்ணப்பட்டு அடி வாங்க நேரிடுகிறது. எதற்காக அடி என்பது அதற்கு விளங்குவதில்லை. சினந்த முகமும் ஓங்கிய கையும் மட்டுமே தெரிகின்றன. நாளடைவில் அது கையைக் கண்டாலே அஞ்சவோ கடிக்கவோ தொடங்கும்.

வளர்ப்போர் அறிய வேண்டியவை

* குட்டி உறங்கும்போது, அதன் கண்ணில் படாமலும் தரை அதிராமலும் ஓசை எழுப்பிப் பார்க்கலாம். ஒரு காது மட்டும் கேளாத நாய் இச்சோதனையில் தப்பிவிடும். கால்நடை மருத்துவத்தில் உள்ள செவி நரம்புச் சோதனையே உறுதியானது.
* கேளாத நாய்க்கு ஒவ்வொரு கட்டளைக்கும் மாறாத ஒரு கைச்சைகை போதும். அழைப்பதற்குத் தரையைக் காலால் தட்டலாம். இரவில் விளக்கை அணைத்து ஏற்றலாம்.
* உறங்கும் நாயைப் பின்புறமிருந்து திடீரெனத் தொடக் கூடாது.
* சாலையில் கயிற்றில் பிடித்தே அழைத்துச் செல்ல வேண்டும்.
* காது கேளாத நாயை இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்தாதிருந்தால் இக்குறை அடுத்த தலைமுறைகளில் குறையும்.
* சைகை காட்டும்போது முகமும் அமைதியாக இருக்க வேண்டும். கையையும் முகத்தையும் நாய் சேர்த்தே பார்க்கிறது.